நீலமாகவே இருக்கட்டும்

வழக்கமாக மூன்று விசில். இன்றைக்கு ஐந்து. சனிக்கிழமை சாயங்காலமே டாக்டர் ரெஹானா சொல்லிவிட்டார், ஃபார்மலினில் அளவுக்கு மீறி ஊறிப்போன சதை, மூன்று விசிலுக்கெல்லாம் வழிக்கு வராது, திங்கள்கிழமை ஐந்து வையுங்கள் எப்ஸி என்று. ஆகவே எப்சிபா இண்டக்‌ஷன் அடுப்புக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இடது கையில் இரண்டு விரலை மடக்கி வைத்துக்கொண்டு, மூன்றாவது விசில் எப்போதடா வரும் என்று குக்கரின் தலையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாளையங்கோட்டையில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிற திசுப் பரிசோதனைக்கூடம் இது. குக்கருக்குள் அரிசியும் இல்லை பருப்பும் இல்லை. உப்புக் கரைசலில் நான்கு கண்ணாடி ஸ்லைடுகள், ஒவ்வொன்றிலும் தலைமயிரைவிட மெல்லிசாகச் சீவி ஒட்டிய ஒரு துணுக்குப் பெருங்குடல், ஓரத்தில் பென்சிலால் எழுதிய ஒரு எண். பேர் எழுதுகிற வழக்கம் இங்கே கிடையாது, எண் மட்டும்தான். ஆனால் எண்ணைப் போட்டதே இவள் கை, அப்புறம் எண்ணாவது பேராவது, உள்ளே வேகிறது அண்ணன் ஞானதுரை. பெருக்க வந்த சண்முகக்கனி துடைப்பத்தோடு வாசலில் நின்று, "யக்கா, இன்னிக்கு என்ன, கறியா?" என்றாள். ஆறு வருஷமாக இதே பகடி. குக்கர் கூவும்போதெல்லாம் கேட்பாள். இன்றைக்கு எப்சிபாவுக்கு அது நெஞ்சில் எங்கேயோ போய் இடித்தது, இடித்த வேகத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. "ஆமா கனி, கறிதான்" என்றாள். மூன்றாவது விசில் வந்தது. நடுவிரலை மடக்கினாள்.

காலையில் எழுந்ததிலிருந்தே உடம்பு ஒரு இடத்தில் நிற்கவில்லை. இட்லியை வாயில் வைத்தால் இறங்கவில்லை, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள், மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினாள். முப்பத்தொன்பது வயசுப் பொம்பிளை. பயம் என்றுதான் இதற்குப் பேர் வைக்க வேண்டும், ஆனால் பயம் மட்டும் இல்லை இது, பொங்கலுக்கு முந்தின நாள் ராத்திரி தூக்கம் வராமல் சின்னப் பிள்ளைகள் புரளுமே, அது. வேண்டும், வேண்டும், நீலமாக வேண்டும். நான்கு ஸ்லைடுக்கும் நான்கு வேறு வேறு மருந்துச் சொட்டு. எந்தப் புரதம் செல்லுக்குள் இருக்கிறதோ அங்கே போய்ச் சொட்டு ஒட்டிக்கொள்ளும், கடைசியில் அந்த இடம் பழுப்பாகும். இல்லையென்றால் வெறும் நீலம். ஊர் உலகத்தில் எல்லாரும் ரிப்போர்ட்டில் எல்லாம் இருக்க வேண்டும் என்று கும்பிடுவார்கள், இவள் மட்டும் ஏதாவது ஒன்று இல்லாமல் இருக்கட்டும் ஆண்டவரே என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள். இல்லாமல் இருந்தால் அண்ணனுக்கு அந்த ஊசி. இருந்தால் அந்த ஊசியால் பிரயோஜனம் இல்லை, பழைய மருந்துதான், ஈரலில் ஏற்கெனவே மூன்று புள்ளி விழுந்துவிட்ட மனுஷனுக்குப் பழைய மருந்து எத்தனை மாசம் இழுத்துக்கொண்டு போகும் என்பது பதினெட்டு வருஷம் ரிப்போர்ட் கட்டினவளுக்குத் தெரியாதா. பெரிய ஆஸ்பத்திரியில் புற்றுநோய் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார், எங்கள் ஆய்வுத் திட்டத்தில் இடம் இருக்கிறது, ஊசி அவர்களே கொடுக்கிறார்கள், ஆனால் கட்டியில் அந்த நான்கில் ஒரு புரதமாவது இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் மட்டும் என்று. வேறு யாரையாவது இதைச் செய்ய வைக்கட்டுமா என்று ரெஹானா கேட்காமல் இல்லை. இங்கே இந்தச் சாயம் போடத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். நான்காவது விசில். ஒன்று பாக்கி. ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது, அடுப்பைக் கூட்டலாமா, கூட்டக் கூடாது, சும்மா இரு.

ஊறிப்போனதற்கும் இவள்தான் காரணம், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் ஆபரேஷன். வெட்டியெடுத்த குடல் பாட்டிலில் ஃபார்மலினோடு இங்கே வந்து சேர்ந்துவிட்டது. அடுத்த நாளே எடுத்து மெழுகில் ஏற்றியிருக்க வேண்டிய வேலை இவளுடையது. இவளோ லீவு போட்டுவிட்டு அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பூனால் தண்ணீர் ஊட்டிக்கொண்டு, நர்ஸுகளிடம் நானும் லேப்தான் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள். பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல், அப்புறம் ஞாயிறு. ஆறு நாள் அந்தப் பாட்டில் அலமாரியில் தனியாக நின்றது. ஃபார்மலின் சதையைக் கெடாமல் காப்பாற்றும், ஆனால் நாளாக நாளாகப் புரதங்களை ஒன்றோடொன்று கட்டிப் போட்டுவிடும். கட்டு அவிழ்வதற்குத்தான் குக்கர். கட்டு இறுகிவிட்டால் புரதம் உள்ளே இருந்தும் சொட்டு போய் ஒட்டாது, இருப்பதே இல்லாத மாதிரி நீலமாகக் காட்டும். அதைத்தான் சனிக்கிழமை காட்டியது. பார்த்துவிட்டு இவள் ஆடின ஆட்டம் இருக்கிறதே. ஐந்தாவது விசில். எப்சிபா கட்டைவிரலையும் மடக்கி, முஷ்டியாகிப்போன கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, அடுப்பை அணைத்தாள்.

குக்கர் தானாக ஆற வேண்டும், தண்ணீரை ஊற்றி ஆற்றக் கூடாது, சதை உரிந்து வந்துவிடும். இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் சனிக்கிழமை திரும்பி வந்தது, வராமல் இருக்குமா. மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். நான்கு ஸ்லைடையும் சாயம் ஏற்றிக் காயவைத்ததும், டாக்டர் வரும்வரை பொறுக்காமல் இவளே மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். முதல் இரண்டிலும் பழுப்பு, மங்கலாக இருந்தாலும் பழுப்பு. மூன்றாவது, நீலம். நான்காவது, நீலம். கட்டியின் சுரப்பிகள் எல்லாம் மழை விட்ட வானம் மாதிரி ஒரே நீலம். இந்த நான்கு புரதமும் ஜோடி ஜோடியாக வேலை செய்கிறவை, ஒன்று போனால் ஜோடியும் போகும், ஆகவே மூன்றும் நான்கும் சேர்ந்து காணவில்லை என்றால் கணக்கும் சரியாக வருகிறது. காது இரண்டும் சுட்டது. போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினாள். "மைனி, கேக்கியளா, நல்ல செய்தி. அண்ணனுக்கு அந்த ஊசி போடலாம்" என்று சொல்லியே விட்டாள். அந்தப் பக்கம் அண்ணன் பெண்டாட்டி எஸ்தர் மைனி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தால் ரெஹானா ஸ்லைடைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணை எடுக்காமலே, "எப்ஸி, பக்கத்துல நிக்கிற வெள்ளணுவெல்லாம் எங்க பழுப்பு?" என்றார், மெதுவாகத்தான் கேட்டார். கட்டியில் புரதம் இல்லாமல் போகலாம், ஆனால் அதே துணுக்கில் கட்டியைச் சுற்றி நிற்கிற வெள்ளணுக்கள் நல்ல செல்கள், அவற்றில் அது இருந்தே தீரும். அவை பழுப்பாகிக் கட்டி மட்டும் நீலமாக நின்றால்தான் நீலத்துக்கு மதிப்பு. பக்கத்தில் நிற்பதும் நீலமென்றால் சாயமே ஏறவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். ட்ரெயினிங் வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் முதல் பாடமாக இவள் சொல்வது என்ன, கட்டியைப் பார்க்காதே, முதலில் பக்கத்தைப் பார். பதினெட்டு வருஷ சர்வீஸ். புண்ணாக்கு.

குக்கர் ஆறிவிட்டது. ஸ்லைடுகளை எடுத்துக் கழுவி, துணுக்கைச் சுற்றி மெழுகுப் பேனாவால் வேலி போட்டு, ஈரத்தாள் விரித்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வரிசையாகப் படுக்கவைத்து, ஒவ்வொன்றின் மேலும் அதனதன் சொட்டை விட்டாள். ஓரம் காய்ந்துவிடக் கூடாது. மூடினாள். ஒரு மணி நேரம். இந்த ஒரு மணி நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்பதை எத்தனை தடவை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள், அண்ணனுக்குச் சொன்ன மாதிரி யாருக்கும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "எனக்குப் புரியுத மாதிரி சொல்லுட்டீ, நான் பிடி வாத்தியார்லா" என்றான் அண்ணன். சரி, பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கிற பிடி வாத்தியாருக்குப் பிடி வாத்தியார் பாஷையிலேயே சொன்னாள். அண்ணே, நீ திங்கக்கிழமை அசெம்பிளியில வரிசை வரிசையா நடந்து பிள்ளைகளோட நகத்தையும் யூனிஃபாரத்தையும் பாப்பியே, அதே வேலைதான் உடம்புக்குள்ள வெள்ளணு செய்யுது. ஒவ்வொரு செல்லும் உள்ளே என்ன புரதம் செய்கிறதோ அதில் ஒரு துண்டு நறுக்கி வெளியே நீட்டிக் காட்ட வேண்டும், வெள்ளணு பார்த்துக்கொண்டே போகும். பெரும்பாலான குடல் கட்டிகள் ரவுடிப் பயல்கள்தான், ஆனால் யூனிஃபாரம் ஒழுங்காகப் போட்ட ரவுடிகள், செல் தன்னை நகல் எடுக்கும்போது விழுந்த பிழை கொஞ்சமாகத்தான் இருக்கும், நம்ம பிள்ளைதான் என்று வெள்ளணு தாண்டிப் போய்விடும். பிழையைப் பார்த்துச் சரிபண்ணுகிறது இந்த நான்கு புரதம்தான், அதில் ஒன்று இல்லாமல் போன கட்டி இருக்கிறதே, அதற்குப் பிழை ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும், அது வெளியே நீட்டுகிற துண்டெல்லாம் கோணல்மாணலாக, பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபாரம் போடாமல் சாரம், லுங்கிதான், கட்டிக்கொண்டு வந்து நிற்கிற மாதிரி நிற்கும். பார்த்த உடனே வெள்ளணு கூட்டமாக வந்து சூழ்ந்துகொள்ளும். "அப்ப பிடிச்சி வெளிய தள்ள வேண்டியதுதான, ஏன் தள்ளல?" என்று அண்ணன் கேட்டான், கேட்கத் தெரிந்த கேள்வி. கட்டி கையில ஒரு சீட்டு வச்சிருக்கும்ணே, ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்ட மாதிரி, இவனை விட்டுவிடவும்னு. அதைப் பார்த்துட்டு வெள்ளணு கையைக் கட்டிக்கிட்டு சும்மா நிக்கும். ஊசி அந்தச் சீட்டைக் கிழிச்சிப் போட்டுரும். அண்ணன் தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு சிரித்தான், சிரித்தால் தையல் வலிக்கும், வலித்தாலும் சிரித்தான். "சாரம் கட்டுன பயலா இருக்கணும்னு சொல்லு" என்றான். ஆமாண்ணே, சாரம் கட்டுன பயலா இருக்கணும். அசெம்பிளிக்கே வராமல் கக்கூஸில் ஒளிந்துகொள்கிற கட்டியும் உண்டு, துண்டை நீட்டுகிற கையையே இழந்துவிட்ட கட்டி, அதற்கு எத்தனை பிழை இருந்து என்ன புண்ணியம். அதை மட்டும் இவள் சொல்லவில்லை. இப்போது டப்பாவைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் அந்தச் சொல்லாததுதான் முன்னால் வந்து நிற்கிறது. போ அந்தப் பக்கம். ஒவ்வொன்றாக வா.

மணி பதினொன்று இருபது. டப்பாவைத் திறந்து பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் ஒரு தடவை திறந்து பார்த்து மூடினாள். நேற்று இதே நேரத்துக்குக் கோயிலில் இருந்தாள். பாடகர் வரிசையில், இரண்டாவது பெஞ்சில். போதகர் ஐயா ஸ்தோத்திரக் காணிக்கைத் தாளை விரித்து வாசித்துக்கொண்டே வந்தார், இன்னார் மகன் வேலைக்காக, இன்னார் வீட்டுப் பிரசவத்துக்காக, அப்புறம் சகோதரர் ஞானதுரையின் வியாதியில் கர்த்தர் திறந்த வழிக்காக எஸ்தர் ஞானதுரை குடும்பத்தார். எப்சிபா கையிலிருந்த பாட்டுப் புஸ்தகம் வழுக்கிக் காலடியில் விழுந்தது. சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து மூன்று தடவை மைனிக்குப் போன் போட்டாள், மூன்று தடவையும் மணி அடிப்பதற்குள் கட் பண்ணினாள். சபை முழுக்கத் திரும்பி அண்ணனைப் பார்த்துச் சிரித்தது. கடைசிப் பெஞ்சில் ஃபேனுக்கு அடியில் அவன், வயிற்றில் அந்தத் தலையணை, பக்கத்தில் மைனி முழுக்கை ஜாக்கெட்டில், முகம் கழுவிவிட்ட மாதிரி. ஆண்டவருக்கே பொய்க் கணக்கு எழுதின மாதிரி ஆகிவிட்டதே என்று இவளுக்கு வேர்த்துக் கொட்டியது. ஸ்தோத்திரப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நின்றார்கள். இவளும் நின்றாள், வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்ற அக்கா முழங்கையால் இடித்தாள். எங்கே வரும்.

அந்தப் பாட்டின் இரண்டாவது சரணத்தில்தான், சரியாக அங்கேதான், இன்னொன்று வந்து விழுந்தது. சனிக்கிழமை சந்தோஷத்தில் மறந்தது, அதற்கப்புறம் பட்ட அசிங்கத்தில் மறந்தது. மூன்றும் நான்கும் சேர்ந்து உண்மையிலேயே காணாமல் போயிருந்தால், அது அண்ணனின் குடலில் மட்டும் நடந்த சமாச்சாரமாக இருக்க வாய்ப்புக் கம்மி. முதல் ஜோடி போவது பாதிக்கு மேல் வயசான காலத்தில் தானாகப் போவது. இரண்டாவது ஜோடி போவது பெரும்பாலும் ரத்தத்தோடு வந்தது. இதையும் ரிப்போர்ட்டின் அடியில் எத்தனை தடவை டைப் அடித்திருக்கிறாள், குடும்பத்தாருக்கு ஆலோசனை பரிந்துரைக்கப்படுகிறது என்று ஒரு வரி, ஏதோ தபால் முத்திரை குத்துகிற மாதிரி. அப்பா நாற்பத்தொரு வயசில் போனார். வயித்துக் கட்டி என்றார்கள், அதற்கு மேல் அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை. அப்பாவின் தங்கச்சி, சலோமி அத்தை, கர்ப்பப்பையில் வந்து நாற்பத்தாறில் போனாள். அண்ணனுக்கு நாற்பத்துமூன்று. பெஞ்சில் எல்லாரும் உட்கார்ந்த பிறகும் இவள் நின்றுகொண்டிருந்தாள். அப்பா, அத்தை, அண்ணன், விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் குடும்பமே. நான் முப்பத்தொன்பது. என் மகள் ஷாரோன் பதினாலு, எட்டாம் வகுப்பிலிருந்து தலைமுடியைத் தானே பின்னிக்கொள்கிறாள். பாதிக்குப் பாதி வாய்ப்பு எனக்கு, எனக்கு இருந்தால் அதில் பாதிக்குப் பாதி அவளுக்கு. அப்படியானால் என்ன கேட்கிறாய் நீ, என்ன வேண்டும் உனக்கு, பழுப்பா நீலமா, வாயைத் திறந்து சொல். எப்சிபா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, அதுதான் அவளுக்கே ஆச்சரியம். நீலம். நீலமாகவே இருக்கட்டும். எனக்கு இருந்தால் தெரிந்துகொள்ளலாம், வருஷா வருஷம் குழாய் விட்டுப் பார்க்கலாம், முளையிலேயே கிள்ளலாம். அப்பாவுக்கு அது இல்லை. அண்ணனுக்கு இனி பார்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லை, அவனுக்கு நீலம் வேண்டும்.

பயம் என்னவென்றால் அதைத் தெரிந்துகொள்ள ரத்தம் எடுக்கிற ஊசி. சிரிக்காதீர்கள். நாள் முழுக்கப் பிளேடில் சதை சீவுகிறவள், ரத்தம் பார்த்தால் கண் சிமிட்டாதவள், தன் கையில் ஒரு ஊசி ஏறப்போகிறது என்றால் மயங்கி விழுந்துவிடுவாள். இரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பூசிக்காரர்கள் வந்தபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவன் வந்து தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, "கண்ண மூடிக்க. நான் எண்ணுதேன். அஞ்சு எண்ணுததுக்குள்ள முடிஞ்சிரும்" என்றான். கூட்டிக்கொண்டு போய், முதலில் தன் கையைக் காட்டித் தானும் ஒன்று போட்டுக்கொண்டான், அவனுக்கு அன்றைக்கு ஊசியே கிடையாது, அவன் வகுப்புக்குப் போன வாரமே முடிந்துவிட்டது. இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தான். ஷாரோன் பிறந்தபோதுகூட அவன்தான் வார்டு ஜன்னலுக்கு வெளியே நின்று எண்ணினான். டப்பாவுக்கு அலாரம் அடித்தது. எப்சிபா ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்த வேகத்தில் ஸ்டூல் கீழே உருண்டது.

கழுவு. ஐந்து நிமிஷம், மூன்று தடவை. இரண்டாவது மருந்து, அரை மணி. கழுவு. இப்போது பழுப்புச் சொட்டு. இந்த இடம்தான் அவளுக்கு எப்போதும் பிடித்த இடம், கண்ணாடியை வெள்ளைத் தாளின் மேல் வைத்து ஓரக்கண்ணால் பார்த்தால், ஒன்றுமில்லாத துணுக்கில் ஏதோ மெல்லமாக, டீத்தண்ணியில் நனைந்த துணி மாதிரி, நிறம் ஏறிவரும். முதல் ஸ்லைடு ஏறியது. இரண்டாவது ஏறியது, சனிக்கிழமையைவிட நல்ல அழுத்தமாக. மூன்றாவது. வா. மூன்றாவதில் மொத்தமாக இல்லை, பொட்டுப் பொட்டாக எங்கெங்கோ ஏறியது. நான்காவதிலும் பொட்டுப் பொட்டு. சனிக்கிழமை இந்தப் பொட்டு கிடையவே கிடையாது. குக்கர் வேலை செய்திருக்கிறது, ஐந்து விசில் வேலை செய்திருக்கிறது, ஆனால் பொட்டு எங்கே, கட்டியிலா பக்கத்திலா, வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. கட்டியில் என்றால் எல்லாம் போச்சு. நீலச் சாயத்தில் முக்கு, குழாயில் பிடி, ஸ்பிரிட்டில் காட்டு, காயவை, ஒட்டு, மூடு. கண்ணாடி மூடியை வைக்கும்போது ஒரு காற்றுக்குமிழி புகுந்துகொண்டது. எடுத்துத் திரும்ப வைத்தாள். அண்ணனுக்கு இன்னேரம் கஞ்சி குடிக்கிற நேரம். மைனி உப்புக் குறைவாகத்தான் போடுவாள்.

இன்றைக்கு இவளாகப் பார்க்கவில்லை. நான்கையும் தட்டில் வைத்துக்கொண்டு நேரே ரெஹானாவின் அறைக்குப் போனாள். இரண்டு பேர் உட்கார்ந்து பார்க்கிற மைக்ராஸ்கோப் அது. "நீங்க பாத்திட்டீங்களா?" என்றார் ரெஹானா. "இல்ல மேடம்" என்றாள். ரெஹானா ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்றாவது ஸ்லைடை எடுத்து வைத்தார். எப்சிபா எதிர்ப்பக்கக் கண்குழாயில் குனிந்தாள், கண்ணை மூடிக்கொண்டாள், ஒன்று, இரண்டு, மூன்று. திறந்தாள். பக்கத்தைப் பார். முதலில் பக்கத்தைப் பார். பழுப்பு. வெள்ளணுக்கள் பழுப்பு, கடுகு கொட்டின மாதிரி, ஒவ்வொன்றும் உருண்டையாக, அழுத்தமாக, இவ்வளவு அழகான பழுப்பை அவள் இந்தப் பதினெட்டு வருஷத்தில் பார்த்ததில்லை. ரெஹானா ஸ்லைடை மெல்ல நகர்த்தினார். வெள்ளணுக் கூட்டம் நகர்ந்து வந்து ஒரு இடத்தில் விளிம்பு கட்டி நின்றது. விளிம்புக்கு அந்தப் பக்கம் கட்டி. நீலம். கோணல்மாணலான சுரப்பிகள், பெரிய பெரிய உட்கருக்கள், ஒன்றில்கூட ஒரு பொட்டுப் பழுப்பு கிடையாது. அந்த நீலத்துக்குள்ளேயே, சுரப்பிச் சுவருக்குள்ளேயே, வெள்ளணுக்கள் இரண்டும் மூன்றுமாகப் புகுந்து நின்றுகொண்டிருக்கின்றன. பார்த்துவிட்டன. கட்டியை அடையாளம் கண்டு, உள்ளே வரைக்கும் வந்து, சீட்டைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கின்றன. சாரம் கட்டுன பயல்தாண்ணே. கக்கூஸில் ஒளிகிற பயல் என்றால் இத்தனை பேர் வகுப்புக்குள் வந்து நிற்பார்களா, நிற்க மாட்டார்கள், அநேகமாக நிற்க மாட்டார்கள். ரெஹானா நான்காவதையும் வைத்தார். அதே. முதல் இரண்டையும் வைத்தார், கட்டியும் பழுப்பு பக்கமும் பழுப்பு. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ரெஹானா, தனக்குத்தானே சொல்கிற மாதிரி. அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எப்ஸி, மூணும் நாலும். அது தெரியும்ல உங்களுக்கு?" என்றார். "தெரியும் மேடம்" என்றாள் எப்சிபா. குரல் சந்தோஷமாகத்தான் வந்தது. "எனக்கும் ரத்தம் குடுக்க ஒரு ஃபாரம் எழுதிக் குடுங்க."

மாடிப்படியில் அதே இடத்தில், அதே ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போன் போட்டாள். இந்தத் தடவை மைனிக்கு இல்லை, அண்ணனுக்கு. ஒரே மணியில் எடுத்தான்.

"சொல்லுட்டீ."

"அண்ணே, சனிக்கிழமை நான் மைனிட்ட சொன்னது தப்புண்ணே. சாயமே ஏறல. நான் பக்கத்தைப் பாக்காம—"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நேத்து ஸ்தோத்திரப் பாட்டுக்கு நீ வாயத் தொறந்திட்டுச் சும்மா நின்ன. நாப்பது வருஷமா உன் தொண்டையக் கேக்கேன், எனக்குத் தெரியாதா. ஃபால்ஸ் ஸ்டார்ட்டுன்னு அப்பவே தெரிஞ்சிட்டு. ஓடுன பிள்ளைய விசில் அடிச்சித் திருப்பிக் கூட்டிட்டு வரணும், அதான் சட்டம். உங்க மைனி ரெண்டு நாளு சிரிச்ச மொகமா இருந்தா. விசில எடுக்க மனசு வரல. நீயே திரும்பக் கோட்டுக்கு வருவேன்னு இருந்தேன்."

எப்சிபா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கீழே சண்முகக்கனி வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டேண்ணே. இன்னிக்குத் திரும்பப் போட்டேன். பக்கமெல்லாம் நல்ல பழுப்பு. கட்டி நீலம். டாக்டரும் பாத்தாச்சு. ஊசி போடலாம்ணே. சாரம் கட்டுன பய."

அந்தப் பக்கம் ஃபேன் சத்தத்துக்கு நடுவில் அண்ணன் சிரிக்கிறானா அழுகிறானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தலையணையை அமுக்கிக்கொண்டிருப்பான், அது மட்டும் நிச்சயம். அப்புறம் தொண்டையைக் கனைத்தான்.

"ஏ எப்ஸி. அப்பாக்கு வந்ததும் இதானா?"

இவள் இதை எதிர்பார்க்கவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு அவனும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

"இருக்கும்ணே. அத்தைக்கும்."

"அப்ப நீ?"

"நாளைக்கு ரத்தம் குடுக்கேன்."

"எத்தன மணிக்கு?"

"பத்து மணிக்கு. எதுக்கு கேக்க? நீ எங்கயும் வரண்டாம், தையல் இன்னும் ஆறல, மூணு மாடி ஏறண்டாம்."

"ஏற மாட்டேன்" என்றான் ஞானதுரை. "போன ஸ்பீக்கர்ல போட்டு மேசையில வச்சிக்க. நீ கண்ண மூடிக்க. நான் எண்ணுதேன்."